மூச்சு மெம்பரும் சேர்மன் மணியும்

பூமியில் பிறந்த எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். ஆனால் மூச்சு விடுவதையே ஒரு பொதுத்தொண்டாகச் செய்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கே அவருடைய சொந்தப் பெயர் மறந்துவிட்டது. மூச்சு மெம்பர் என்றால்தான் தெரியும். உறையின் மேல் 'மூச்சு மெம்பர்' என்று மட்டும் எழுதி யாரோ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை, எங்கும் தட்டுக்கெட்டுப் போகாமல் நேரே அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் எங்கோ இருக்கும் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் நான் அப்போது இளநிலை உதவியாளர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே எனக்கு இனி வடை கிடைக்காது. வடை எனக்கு முக்கியம். மன்றக் கூட்ட நாளில் டீ, வடை ஏற்பாடு என் பொறுப்பு. கூட்ட அறையின் ஜன்னலுக்கு வெளியேதான் வடைக்கடை. எண்ணெய் காயும் வாசனை வந்ததும் மெம்பர்களுக்கு ஜனநாயகத்தில் நாட்டம் குறைந்துவிடும். அதனால் எங்கள் ஊரில் கூட்டம் என்பது வடை வெந்து முடிவதற்குள் முடிந்துவிடும் காரியம்.

அது எப்படி முடியும் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சேர்மன் மேஜையில் ஒரு பித்தளை மணி உண்டு. தலையில் தட்டினால் 'டிங்' என்னும் ரகம். தலைமை எழுத்தர் தீர்மானத்தை வாசிப்பார். வாசிப்பார் என்பது மரியாதைக்குச் சொல்வது. தலையும் வாலும்தான் காதில் விழும், நடுப்பகுதி காற்றோடு போய்விடும். "மன்றத்தின் அனுமதிக்கு" என்று முடிப்பார். யாரும் வாய் திறக்காவிட்டால் சேர்மன் மணியைத் தட்டுவார். டிங். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மௌனம் சம்மதம் என்ற பழமொழியை வைத்து எங்கள் ஊரில் ஒரு நிர்வாகமே நடந்தது. மணி அடித்துவிட்டால் பிறகு பிரம்மாவே வந்து கை தூக்கினாலும் அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள் என்று அனுப்பிவிடுவோம்.

இந்த மணிக்கும் நம்முடைய மெம்பருக்கும் ஆதியிலிருந்தே ஆகாது.

அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கருகிப்போன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, உள்ளே புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். தொழிலில் கெட்டி. ஆனால் கோபம் மூக்குக்கு மேல். "எப்ப தருவீங்க?" என்று இரண்டாவது தரம் கேட்ட வாடிக்கையாளரிடம், பாதி பிரித்த மோட்டாரைத் தூக்கிக் கொடுத்து, போகும் வழியில் நீயே சுற்றிக்கொள் என்று அனுப்பியவர். அந்தக் கோபம்தான் அவரை மெம்பராக்கியது. இந்த ஆளை அனுப்பினால் சேர்மனிடம் சண்டை போட்டு வாங்கி வருவார் என்று வார்டு ஜனங்கள் நம்பினார்கள்.

சண்டை போட்டார். முதல் கூட்டத்திலேயே ஏதோ ஒரு தீர்மானத்துக்கு அவர் எழுந்து நிற்பதற்குள் மணி அடித்துவிட்டது. மனிதர் பாய்ந்து மணியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினார். அது வடைக்கடை மாவுச் சட்டிக்குள் போய் விழுந்தது. அத்தோடு வெளிநடப்பும் செய்தார். வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் வெளியே போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த நேரத்தில், உள்ளே அவர் வார்டுக்கு வர வேண்டிய தெருவிளக்குகள் வேறு வார்டுக்கு மாறிவிட்டன. மணிக்கு என்ன செய்தோம் என்கிறீர்களா? சேர்மன் டம்ளரைக் கரண்டியால் தட்டினார்.

இப்படியே சில கூட்டங்கள் போயின. சேர்மன் ருசி கண்டுவிட்டார். முக்கியமான தீர்மானம் வரும் முன் மெம்பரை லேசாகச் சீண்டுவார். இவர் கொதித்துக்கொண்டு வெளியே போவார். டிங். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று மற்ற மெம்பர்கள் வடையைப் பிட்டுக்கொண்டே சொல்வார்கள். இவருடைய வார்டு மட்டும் இருட்டிலேயே கிடந்தது.

ஒரு நாள் கடையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ராஜபாளையத்து டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, கருவியைத் தட்டிப் பார்த்து மறுபடியும் பார்த்தார். மாத்திரையோடு சேர்த்து, மூச்சுப் பயிற்சி ஏதாவது செய்யுங்கள் என்றார். டாக்டர் சொன்னதை மெம்பர் மறந்தாலும் அவர் மனைவி மறக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மூச்சு வகுப்பு நடக்கிறது என்று விசாரித்து, அதிகாலை பஸ்ஸில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வகுப்பு நடத்தியவர் ஒரு ரிட்டயர்ட் போலீஸ் இன்ஸ்பெக்டர். சாந்தம் என்பதை அவர் கற்றுக்கொடுத்த முறையே தனி. பரேடு மைதானத்துக் குரலில் "இழு!" என்பார். மண்டபம் முழுக்க இழுக்கும். "நிறுத்து!" என்பார். அடுத்த தெரு நாய்கூட மூச்சை நிறுத்தும். "விடு!" என்று அவர் அனுமதிக்கும்வரை யாருக்கும் தைரியம் வராது. ஊரில் யாருக்கும் அடங்காத நம்முடைய ஆள் அந்தக் குரலுக்கு அடங்கினார். கடைசி நாள் இன்ஸ்பெக்டர் எல்லோருக்கும் ஒரே ஒரு கட்டளை போட்டார். எந்த முடிவு எடுப்பதானாலும் அதற்கு முன்னால் கண்ணை மூடி, ஒரு மூக்கை அடைத்து ஒரு மூக்கால் இழுத்து, நிறுத்தி, மறு மூக்கால் விட்டு, இப்படி மூன்று மூச்சு. அதற்குப் பிறகுதான் வாய் திறக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் எந்த முடிவு என்று பிரித்துச் சொல்லவில்லை. கோளாறு அங்கேதான். மெம்பர் எல்லா முடிவுக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

ஓட்டலில் சர்வர் வந்து, "இட்லியா, தோசையா அண்ணாச்சி?" என்பார். இவர் கண்ணை மூடி மூக்கைப் பிடிப்பார். கண் திறக்கும்போது சர்வர் நாலு மேஜை தாண்டிப் போயிருப்பார். வீட்டில் இன்றைக்குக் கத்தரிக்காயா, வெண்டைக்காயா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அந்த அம்மாள் ரசமே வைத்து இறக்கிவிடுவார். பஸ்ஸில் கண்டக்டர் "எங்க போகணும்?" என்று கேட்க, இவர் மூன்று மூச்சும் முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து "ஸ்ரீவில்லிபுத்தூர்" என்றதற்கு, "அப்ப எறங்குங்க, வந்துருச்சு" என்று கண்டக்டர் சொன்னதாக ஒரு கதை உண்டு. இதில் கொஞ்சம் என் கைச்சரக்கும் இருக்கலாம்.

போன் விஷயம்தான் பெரிய கூத்து. எடுப்பதா, பேசுவதா என்பதும் ஒரு முடிவுதானே? போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சியில் இறங்கிவிடுவார். அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஓர் ஆளின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். கடலோரத்தில் நிற்பது மாதிரி இருக்கும். "ஹலோ, ஹலோ" என்று கத்திப் பார்த்துவிட்டு, டவர் இல்லை என்று வைத்துவிடுவார்கள். கூட்ட நோட்டீஸ் சம்பந்தமாக அவருக்கு அடிக்கடி போன் செய்ய வேண்டியிருந்த நானும் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் சோம்பலில் வைக்காமல் இருந்துவிட்டேன். மூன்று மூச்சு முடிந்ததும் வெகு தெளிவாக, "சொல்லுங்க தம்பி" என்றார்.

இழவு வீட்டுக் கதையையும் சொல்லாமல் போனால் பாவம். அவருடைய வார்டில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். கொள்ளிச்சட்டி யார் தூக்குவது என்பதில் மூத்த மகனுக்கும் இளையவனுக்கும் தகராறு. மூத்தவன் அப்பாவோடு பேசாமல் வருஷக்கணக்காகிவிட்டது. இளையவன்தான் வைத்துக் கஞ்சி ஊற்றினான். பிணம் வாசலில் கிடக்க, அண்ணனும் தம்பியும் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். யாரோ ஒருவர், மெம்பர் வந்திருக்கிறார், அவர் சொல்வதைக் கேட்போம் என்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மெம்பர் பிணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு, கண்ணை மூடி, மூக்கைப் பிடித்தார்.

செத்த நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மூத்தவனுக்குத்தான் சுரீரென்றது.

"ஏலே, எங்க அப்பா நாறுதாருங்காரா இவரு?"

"நம்ம வாசல்ல நின்னு மூக்கப் பிடிக்காருண்ணே" என்றான் இளையவன்.

அண்ணன் என்று அவன் வாய் சொல்லிப் பல காலம் ஆகியிருந்ததாம். இருவரும் ஒன்றாகச் சேர்ந்து மெம்பரின் மேல் பாய்ந்தார்கள். சுற்றி இருந்தவர்கள் விலக்கிவிட்டார்கள். மெம்பர் மூன்றாவது மூச்சை ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தார். அதற்குள் அண்ணன் கொள்ளிச்சட்டி தூக்குவது, தம்பி பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது என்று அவர்களே முடிவு செய்து பாடையைத் தூக்கிவிட்டார்கள். தான் வாயே திறக்காமல் ஒரு பஞ்சாயத்து தீர்ந்ததைப் பார்த்ததும் மெம்பருக்குப் பயிற்சியின் மேல் இருந்த நம்பிக்கை பக்தியாகிவிட்டது. அன்றிலிருந்துதான் அவர் மூச்சு மெம்பர்.

ஆனால் மன்றக் கூட்டம் இழவு வீடு இல்லையே. அங்கே மௌனத்துக்கு வேறு அர்த்தம் அல்லவா? தலைமை எழுத்தர், அவர் வார்டுக்கு என்று வைத்திருந்த சிமெண்ட் ரோட்டைச் சேர்மனின் மைத்துனர் தெருவுக்கு மாற்றும் தீர்மானத்தை வாசித்தார். மெம்பர் ஆட்சேபிக்கத்தான் நினைத்தார். அதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் கட்டளை இருக்கிறதே. கண்ணை மூடினார். இழுத்தார். டிங். நிறுத்தினார். டிங். விட்டார். டிங். கண்ணைத் திறந்து, மலர்ந்த முகத்தோடு, "இந்த ரோடு விஷயத்துல எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்று அமைதியாகச் சொன்னபோது, மற்றவர்கள் வடையைத் தின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

முன்பு கோபத்தில் வெளியே போய்த் தோற்றார். இப்போது சாந்தமாக உள்ளே உட்கார்ந்து தோற்றார். சேர்மனுக்குச் சீண்டும் வேலையும் மிச்சம். நீங்க மூக்கப் பிடிக்கவா நாங்க ஓட்டுப் போட்டோம் என்று வார்டில் கடைக்கே வந்து கேட்டுவிட்டார்கள். அதற்கும் அவர் மூச்சு விட்டுவிட்டுத்தான் பதில் சொல்லப் பார்த்தார். கேட்டவர்கள் நிற்கவில்லை.

அப்போதுதான் அந்தத் தீர்மானம் வந்தது.

மெம்பரின் வார்டில் பெண்களுக்கான பொதுக் கழிப்பறை ஒன்று இருந்தது. அந்தத் தெருவில் பாதி வீடுகளில் கழிப்பறை கட்ட இடமே கிடையாது. வாசல்படியில் கால் வைத்தால் அடுத்த கால் அடுப்பங்கரையில் இருக்கும். போர்வெல் வற்றிய ஒரு கோடையில் தண்ணீர் இல்லாமல் ஓடி, கழிப்பறை மோட்டார் கருகிவிட்டது. நிதி இல்லை என்று சொல்லிக் கதவைப் பூட்டினோம். நானே கட்டித் தருகிறேன், சாவியைக் கொடுங்கள் என்று மெம்பர் பல தரம் கேட்டார். பேரூராட்சி சொத்தில் தனியார் கை வைக்கக் கூடாது என்று எங்கள் ஆபீஸ் பல தரம் பதில் சொன்னது. பிறகு மழை பெய்து போர்வெல்லில் தண்ணீர் வந்தது. ஆனால் கதவு மட்டும் திறக்கவில்லை. இப்போது, பயன்பாட்டில் இல்லாத கட்டடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் வணிக வளாகம் கட்டலாம் என்று தீர்மானம். மெயின் ரோட்டைப் பார்த்த இடம். கடைகள் யார் யாருக்கு என்பதுகூடப் பேசி முடிந்துவிட்டதாக வடைக்கடையில் பேச்சு.

கூட்ட நோட்டீஸைக் கொடுக்க நான் மெம்பரின் கடைக்குப் போனபோது அந்தத் தெரு மாரியம்மாள் அங்கே நின்றிருந்தாள். பஞ்சு மில்லில் வேலை. ஷிப்ட் முடித்து வந்தவள், தலைமுடியில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டவில்லை. நோட்டீஸில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன். அவள் மெம்பரிடம்தான் பேசினாள்.

"அண்ணாச்சி, நான் இருட்டுனப் பொறவு கருவேல முள்ளுக்குள்ள போயிட்டு வாரேன். பழகிப்போச்சு. எம் மக இப்பதான் பெரியவளாயிருக்கா. அவளையும் அங்க எப்படி அனுப்புவேன்?"

மெம்பரின் கை மூக்குக்குப் போனது. மாரியம்மாள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "மூச்செல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. இந்த ஒரு தடவ பழையபடி கோவப்படுங்க. மணியத் தூக்கி எறிங்க" என்றாள்.

கை பாதி வழியில் நின்றுவிட்டது. அந்த மனிதரின் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. கோபப்பட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மூச்சு விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இரண்டு வழியிலும் போய் முட்டிக்கொண்டு வந்தவர். இந்தக் கழிப்பறையையும் இழந்துவிட்டால் அவர் வார்டில் இழப்பதற்கு வேறு ஒன்றும் பாக்கியில்லை. அன்று எனக்குச் சேர்மன் மேல் வந்த கோபத்துக்கு நான் மெம்பராக இருந்திருந்தால் மேஜையையே வீசியிருப்பேன். நான் வெறும் உதவியாளர். வடை ஆர்டர் கொடுக்கப் போனேன்.

கூட்ட நாளன்று ஜன்னலுக்கு வெளியே வடைக்கடைக்குப் பக்கத்தில் பெண்கள் கூட்டம். மாரியம்மாள் முன்னால் நின்றாள். வடைக்காரர் முன்ஜாக்கிரதையாக மாவுச் சட்டியைத் தள்ளி வைத்துக்கொண்டார். மெம்பர் அன்று தன் வழக்கமான நாற்காலியை விட்டுவிட்டு, சேர்மன் மேஜைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சேர்மனுக்கு அது பிடிக்கவில்லை. பெண்கள் வேடிக்கை பார்க்கும்போது இவர் மூச்சுப் பயிற்சியில் இறங்கிவிடுவார் என்று நம்பி இருக்க முடியாது, ஆளை வெளியேற்றிவிடுவதே நல்லது என்று நினைத்தாரோ என்னவோ, பழைய வித்தையை எடுத்தார். தலைமை எழுத்தர் தீர்மானத்தை வாசித்து "மன்றத்தின் அனுமதிக்கு" என்று முடித்ததும், சிரித்துக்கொண்டே சொன்னார்.

"மோட்டார் கருகுனதாலதான இம்புட்டும். அந்தக் காயிலு யாரு கட்டுனது? நம்ம மெம்பரு கட்டுனதுதான."

காயில் கட்டுகிறவனிடம் இதைச் சொல்வது, சமையல்காரனிடம் உன் சாப்பாட்டைத் தின்று ஆள் செத்துவிட்டான் என்று சொல்வது போல. அந்த மோட்டாருக்குக் காயில் கட்டியது இவர்தான். ஆனால் தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் எந்தக் காயிலும் கருகும் என்பது ஊருக்கே தெரியும். மெம்பரின் கழுத்து நரம்பு புடைத்தது. சட்டென்று எழுந்தார். சேர்மனின் விரல் மணியைத் தொடுவதற்குள் மணி மெம்பரின் கையில் இருந்தது.

சேர்மன் தலையைக் குனிந்துகொண்டார். தலைமை எழுத்தர் மேஜைக்கு அடியில் போய்விட்டார். நான் வடைத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். வெளியே பெண்கள் ஜன்னலை விட்டு ஒதுங்கி, மணி வர வழிவிட்டு நின்றார்கள். மெம்பர் மணியைத் தலைக்கு மேல் ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. அவர் மணியை நெஞ்சோடு சேர்த்து இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். வலது கையால் மூக்கைப் பிடித்தார். கண்ணை மூடினார். இழுத்தார்.

அறையில் ஓர் ஆளின் மூச்சைத் தவிர வேறு சத்தம் இல்லை. மணி இல்லாமல் தீர்மானம் நிறைவேறாது. டம்ளரைத் தட்டலாமே என்று சேர்மன் என்னைப் பார்த்தார். டீ இன்னும் வரவில்லை சார் என்று நான் உதட்டை மட்டும் அசைத்தேன். உண்மையில் வந்துவிட்டது. வெளியில்தான் வைத்திருந்தேன்.

எங்கள் மன்ற வரலாற்றில் ஒரு தீர்மானம் வாசிக்கப்பட்ட பிறகு அவ்வளவு நேரம் சும்மா கிடந்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மெம்பர்கள் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்கள். பார்த்ததும் வாசித்தார்கள். வேறு வழியில்லையே. எனக்குத் தெரிந்து அதுவரை அந்தக் காகிதத்தில் வடையைத்தான் வைத்துத் தின்றிருக்கிறார்கள்.

மெம்பர் இரண்டாவது மூச்சை நிறுத்தியிருந்தபோது, பக்கத்து வார்டு மெம்பரம்மா தொண்டையைச் செருமினார். கணவர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர மன்றத்தில் அவர் எதுவும் செய்து நாங்கள் பார்த்ததில்லை. அவருடைய குரல் எப்படி இருக்கும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இது பொம்பளையாளுக கக்கூசுல்லா? இத இடிச்சா அவிய எங்க போவாக?"

அவருக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மாள், "அதானே" என்றார். அதற்குப் பக்கத்தில் ஒரு 'அதானே'. எங்கள் மன்றத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே மாரியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெம்பர் மூன்றாவது மூச்சை விட்டு முடித்தார். கண்ணைத் திறந்தார். முகத்தில் கோபம் துளியும் இல்லை. சேர்மனைப் பார்த்துச் சின்னக் குரலில் சொன்னார்.

"நான் கட்டுன காயிலுதான். நானே மறுபடி கட்டித் தாரேன். சாவிய மட்டும் குடுங்க. தண்ணி ஏறலேன்னா நானே நின்னு இடிக்கேன்."

சொல்லிவிட்டு மணியை இரண்டு கையாலும், பிரசாதம் கொடுப்பது போலச் சேர்மனிடம் நீட்டினார். சேர்மன் அதை வாங்கிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். பெண் மெம்பர்களைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். சேர்மன் கெட்டவர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். எதையும் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்து பழகிவிட்டவருக்கு, யோசிக்க நேரம் கிடைத்ததும் யோசிக்க வேண்டியதாகிவிட்டது. தீர்மானம் கைவிடப்பட்டது என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு மணியைத் தட்டினார். அந்த 'டிங்' சத்தத்துக்கு ஜன்னலுக்கு வெளியே கைதட்டல் கேட்டது அதுதான் முதல் தடவை. வடை ஆறிப்போய்க் கல்லாகிவிட்டிருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. நான் இரண்டு தின்றேன்.

சாவியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மெம்பர் மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், சொன்னபடி புதுக் காயில் சுற்றி மாட்டினார். மாட்டிய பிறகு சுவிட்சைப் போட வேண்டும். தெருப் பெண்கள் எல்லோரும் குடத்தோடு நிற்கிறார்கள். மெம்பர் சுவிட்சில் கை வைத்தார். பிறகு கையை எடுத்து, மூக்கைப் பிடித்தார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. மாரியம்மாளின் மகள் மட்டும் மெம்பரைப் பார்த்துத் தானும் ஒரு மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் கேட்டதும் மாரியம்மாள், "எடு, போதும்" என்று மகளின் கையைத் தட்டிவிட்டாள். அப்படிச் சொன்னவளின் கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டங்கள் கெட்டுவிட்டன. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் மெம்பர் மூச்சை முடிக்கும்வரை சேர்மன் மணியைத் தட்டாமல் காத்திருக்க ஆரம்பித்தார். அந்த நேரத்தில் மற்றவர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். வாசித்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். வடையை முன்கூட்டியே போட வேண்டாம், நான் ஜன்னலில் கை காட்டும்போது போடுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்தேன். கூட்டம் முடிந்த ஒரு நாள் சேர்மன் என்னைத் தனியே கூப்பிட்டு, யாருக்கும் தெரிய வேண்டாம் என்ற பாவனையில், "அந்த இன்ஸ்பெக்டர் கிளாசு காலைல எத்தன மணிக்குப்பா?" என்று கேட்டார். கேட்டபோது அவருடைய மனைவி கொடுத்துவிட்ட பிரஷர் மாத்திரை மேஜையில் இருந்தது.

பிறகு எனக்கு மாறுதல் வந்துவிட்டது. இப்போது கூமாப்பட்டிப் பக்கம் வேறு ஓர் அலுவலகம். இங்கே மணி கிடையாது, வடையும் சுமார்தான். எதிலும் எனக்குப் பொறுமை கிடையாது என்று இங்கேயும் பெயர் வாங்கிவிட்டேன். பஸ் இரண்டு நிமிஷம் தாமதமானால் டிரைவரின் குலம் கோத்திரம் விசாரிக்கிற ஆள் நான்.

ஆனாலும் மாதத்துக்கு ஒரு தடவையாவது மூச்சு மெம்பருக்கு மட்டும் போன் போடுகிறேன். சொல்வதற்குப் பெரிதாக விஷயம் ஒன்றும் இருக்காது. போன வாரமும் போட்டேன். எடுத்தார். வழக்கம் போலப் பேசவில்லை. இழுக்கும் சத்தம், நிறுத்தும் இடைவெளி, விடும் சத்தம். பின்னால் எங்கோ ஒரு மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. வாளியை நகர்த்தும் ஓசையும் பெண்கள் பேசிச் சிரிப்பதும் கேட்டன. வார்டில் நின்றுகொண்டிருக்கிறார் போல.

டவர் இல்லை என்று நினைத்து மற்றவர்கள் வைத்துவிடுவார்கள். நான் வைப்பதில்லை. வயதாகிறது, பிரஷர்காரர் வேறு. அவர் மூச்சு விடுகிறாரா என்று தெரிந்துகொள்ளத்தானே நான் போனே போடுகிறேன்.